பாதியில் கட்டப்பட்ட பேச்சு

இன்று காலை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மலைப் பலா வந்து இறங்கியது. அச்சுக்கூடத்தில் மையும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம் எப்போதும் இருக்கும். அதையும் தாண்டி அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கோத்துக்கொண்டிருந்த எழுத்துகளை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனேன். நம் ஊர்ப் பழனி வண்டியிலிருந்து பழங்களை இறக்கிச் சுவரோரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, சௌக்கியமுங்களா?" என்றான்.

"இருக்கறேன். ஊர்ல எல்லாரும் எப்படி?"

"எல்லாரும் இருக்கறாங்க. அந்த ஊமையந்தான் போயிட்டானுங்க. மலைக்காச்சலு. அமாவாசைக்கு முன்னாடி."

சொல்லிவிட்டு அடுத்த பழத்தைத் தூக்கினான். எந்த ஊமையன் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். "என்னுங்க இப்படிக் கேக்கறீங்க, உங்க கூட்டாளிதானுங்க" என்றான், நான் எதையோ மறந்துவிட்டவன் என்பதுபோல. பழனி கெட்டவன் இல்லை. உன்னோடு காட்டிலும் மேட்டிலும் கையால் பேசித் திரிந்தவன்தான். ஆனால் உன்னைப் பற்றி வாயால் சொல்ல வேண்டி வந்தால் அவனுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைக்கிறது. நம் மலையில் குண்டூர் நாடு முழுவதற்கும் அப்படித்தான்.

உனக்கு எழுத்துத் தெரியாது. இதை நீ படிக்கப் போவதில்லை, உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்கமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். வாயால் உன்னிடம் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. கையால் சொல்ல நீ எதிரே இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் வீட்டு மரியாதைகளை நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அவை விளையாட்டாகத் தெரிந்தன. உன் வீட்டு வாசலில் யாரும் குரல் கொடுப்பதில்லை. பின்னாலிருந்து வந்து தோளைத் தொடுவது பெரிய அநாகரிகம். அப்படித் தொட்டவனை நீ திருடனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாய். வருகிறவன் ஒரு சிறு கல்லை உன் கண்ணில் படும்படி உருட்டிவிட வேண்டும். கல் இல்லையா, காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. உன் உள்ளங்காலுக்குச் செய்தி போய்விடும். நீ திரும்பி, முதலில் முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் என்ன என்று கேட்பாய்.

மற்ற வீடுகளில் விளக்கைச் சோற்றுப் பக்கம் வைப்போம். உன் வீட்டில் விளக்கு முகங்களின் பக்கம் இருக்கும். என்ன சாப்பிடுகிறோம் என்பது இருட்டிலும் தெரியும், என்ன பேசுகிறோம் என்பது தெரியாதே. களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. பேச வேண்டுமானால் அதைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, பேசி முடித்து, மறுபடி எடுக்க வேண்டும். அதனால் உன் வீட்டுச் சாப்பாடு முடியவே முடியாது. எங்கள் வீட்டில் மூன்று வாயில் தின்றுவிட்டு எழுந்திருப்பவன் நான், உன் வீட்டில் பசி ஆறும் முன்பே வாய் கொள்ளாமல் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்திருப்பேன்.

உனக்கும் உன் தங்கைக்கும் பிறவியிலேயே காது கேட்காது. உன் அப்பனுக்குக் கேட்கும். ஆனால் நீங்கள் இருவரும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அவர் யாரிடமும் வாயால் பேசமாட்டார். ஒருநாள் நான் ஏதோ அவசரத்தில் அவரிடம் வாயால் சொல்லப் போனேன். களத்தில் நின்ற நீ பார்த்துவிட்டாய். அவர் என் பேச்சை அறுத்தார்.

"ஏஞ் சாமி, அவனுக்குத் தெரியாம நமக்குள்ள என்ன ரகசியம்? கையில சொல்லு."

கையில் சொன்னேன். நீ அங்கிருந்தே, "மாடு தொலைந்ததற்கா இவ்வளவு பெரிய ரகசியம்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாய்.

உன் பேச்சில் எல்லோருக்கும் பெயர் உண்டு. நீ உன் புருவங்கள் இரண்டையும் ஒரு விரலால் தொட்டுச் சேர்த்துக் காட்டுவாய், அது நீ. கன்னத்தில் விரலைக் குத்தினால் உன் தங்கை, அவள் கன்னத்தில் குழி விழும். உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டினால் அது நான். ஊர்க்கவுண்டர் இளவயதில் கரடியிடம் மாட்டி, கன்னத்தில் நான்கு கோடுகள் வாங்கியவர். நான்கு விரலால் கன்னத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அவர். இதில் கேலி ஒன்றுமில்லை. பார்த்த கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அதுவே பெயர். நீயும் உன் தங்கையும்தான் பெயர் வைப்பீர்கள். உங்களிடம் பெயர் வாங்காதவன் ஊரில் இன்னும் முழுதாகக் குடியேறவில்லை என்று உன் அப்பன் சொல்வார்.

ஊர்க்கவுண்டருக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான். கேழ்வரகு அறுப்பின்போது நடந்தது உனக்கு நினைவிருக்கும். வரப்பில் போனவர் ஒரு மண்கட்டியை உன் முன்னால் உருட்டிவிட்டார். நீ நிமிர்ந்தாய். "பொழுது போய்விட்டது, இன்னும் பாதிகூட அறுக்கவில்லையே சோம்பேறி" என்று கையால் சொன்னார், நம் எல்லோரையும்விடச் சுத்தமாக. நீ அரிவாளைக் கீழே வைத்தாய். அவர் பெயரைச் சொன்னாய். அப்புறம் கரடி வருகிறது, அவர் ஓடுகிறார், கரடி களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது, அவர் இன்னும் ஓடிக்கொண்டேயிருக்கிறார், நாமக்கல் தாண்டிப் போகிறார் என்று காட்டினாய். சிரித்துச் சிரித்து அவர் தலை உருமால் அவிழ்ந்து மண்ணில் விழுந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவருக்கு உன் பேச்சு தெரியாது என்று யாரும் நாளைக்குச் சொல்லிவிடக் கூடாது.

இன்னும் இரண்டு மரியாதைகள் இருந்தன. பேசி முடித்தவன் இரண்டு கைகளையும் மடக்கி மார்பின் மேல் கட்டிக்கொள்வான். என் பேச்சு தீர்ந்தது, இனி உன் முறை என்று அதற்குப் பொருள். ஒருவன் கை காற்றில் இருக்கும்போது அவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது. மற்றொன்று, யாருடைய கையையும் பிடிக்கக் கூடாது. நீயும் உன் தங்கையும் ஏதோ சண்டையில், அவள் உன் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள, நீ ஆத்திரத்தில் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து நெரித்தாய். உன் அப்பன் உன்னை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வாயைப் பொத்தற மாதிரிடா அது" என்று என்னிடம் வாயால் சொன்னார். அடித்த கையாலேயே அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அந்த மனுஷர் இறந்த வருஷமே உன் சித்தப்பன் காட்டைப் பிடுங்கக் கிளம்பிவிட்டான். பள்ளத்து வயலும் அதற்கு மேலிருந்த சாமைக்காடும் உன் அப்பன் பங்கு. அந்தக் காட்டில் கல்லைப் பொறுக்கி எல்லைச்சுவர் வைத்தது நீ. உன் சித்தப்பன் ஊரெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லித் திரிந்தான்.

"ஊமைக்கு என்னத்துக்குப் பங்கு? சபையில வாக்குச் சொல்ல நாக்கில்லாதவங்கிட்டக் காடு நிக்குமா? ரெண்டுக்கும் கஞ்சி நான் ஊத்தறேன். மலைக்குக் கீழ கோர்ட்டுலகூட இப்படித்தானாமா."

சபை கூடுவதென்று முடிவானது. அதற்கு முந்தின நாள் ஊர்க்கவுண்டர் உன் காட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். கல்லை உருட்டினார், நீ திரும்பினாய். "நாளைக்கு வா. நீயே சொல். நான் பார்க்கிறேன்" என்று தன் இரண்டு கைகளாலும் சொன்னார். உன் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் சுவரருகில் என்னை எதிரே உட்கார வைத்து, சபையில் சொல்லப் போவதைச் சொல்லிப் பார்த்தாய். "இது என் அப்பன் காடு. அப்பன் முன்னால் கொத்தினார், நான் பின்னால் கல் பொறுக்கினேன். சித்தப்பன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. இது உங்களுக்குத் தெரியும், நீங்கள் பார்த்தீர்கள்." அதற்கு மேலும் இருந்தது. இடையில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இது கெஞ்சுவதுபோல இருக்கிறதா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்படியென்றால் இன்னும் மெதுவாகச் சொல்கிறேன், பெரியவர்களுக்குக் கண் மங்கல்" என்றாய்.

சபை எப்படி நடக்கும் என்பது உனக்குத் தூரத்திலிருந்து பார்த்த அளவில்தான் தெரியும். எப்போதும் அப்பன்தான் போவார். பேச எழுகிறவன் தலை உருமாலை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், குனிந்து நிற்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதைச் சரியாகச் செய்தாய். துவைத்த வேட்டி, இடுப்பில் உருமால். கோயில் முன் நாவல் மரத்தடியில் நம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாக் காரியமாகப் பக்கத்துப் பைல் நாட்டிலிருந்தும் சில பெரியவர்கள் வந்து அவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவரை ஒட்டி நின்றார்கள். உன் தங்கையும் அங்கே இருந்தாள்.

முதலில் உன் சித்தப்பன் எழுந்தான். கையைக் கட்டினான், தலை குனிந்தான், பேச ஆரம்பித்தான். நீ அவனையே பார்த்தாய். கை கட்டியிருக்கிறது, முகம் தரையில் இருக்கிறது. என் பக்கம் திரும்பி, "அவன் ஏன் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறான்? முடித்துவிட்டானா?" என்று கேட்டாய். "இல்லை, பேசிக்கொண்டிருக்கிறான்" என்று கையால் சொன்னேன். பைல் நாட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"யார்றா அவன், சபையில கூத்துக் கட்டறான்?"

நான் எழுந்து நின்றேன். "கூத்து இல்லீங்க. அவனுக்குக் காது கேக்காதுங்க. நடக்கறதை நான் அவனுக்குச் சொல்றேன், அவன் சொல்றதை உங்களுக்குச் சொல்றேன்" என்றேன்.

"சபையில பெரியவங்க முன்னால கையை ஆட்டறதுங்களா?" என்று உன் சித்தப்பன் தரையைப் பார்த்தபடியே கேட்டான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர்க்கவுண்டர் விருந்தாளிகளின் முகங்களைப் பார்த்தார். "அவனவன் வாக்கை அவனவந்தான் சொல்லோணும். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் வாய் ஆகமுடியாது" என்றார்.

"சரிங்க, அவனே சொல்லட்டும். உங்களுக்குத்தான் அவன் பேச்சுத் தெரியுமுங்களே. நேத்துக்கூட நீங்கதான் கையில சொல்லிக் கூப்பிட்டீங்க."

பைல் நாட்டுக்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்தது.

"காட்டுல சொன்னது காட்டோட, தம்பி. இது சபை. உக்காரு."

இந்த ஒரு பதிலை நான் எத்தனையோ முறை மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பயிர் அறுக்க, சிரிக்க, மாடு தேட, பொழுது போக்க உன் பேச்சு அவர்களுக்கு வேண்டும். காடு யாருடையது என்று கேட்கிற இடத்தில் மட்டும் அது பேச்சு இல்லை. அவர்களில் ஒருவருக்காவது உண்மையிலேயே புரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

உன் முறை வந்தது. நீ எழுந்து நடுவில் போய் நின்றாய். கைகள் பக்கவாட்டில் தொங்கின. கையைக் கட்டு என்று யாரோ சொன்னார்கள், உனக்கெங்கே கேட்கும். அப்போது ஊர்க்கவுண்டர் உன்னைப் பார்த்து, இப்படி நில் என்பதற்காக, தன் கைகளை மடக்கி மார்பின் மேல் கட்டிக் காட்டினார்.

நீ தலையாட்டினாய். அவர் பேச்சு தீர்ந்தது, இனி உன் முறை. உன் வீட்டு மரியாதையில் அதற்கு வேறு பொருளே கிடையாது. நீ சந்தோஷமாகத் தொடங்கினாய்.

பெரியவர்களில் பாதிப் பேர் குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களிடம் பேசக் கூடாது என்று நீ தரையை ஓங்கி மிதித்தாய், அவர்களைக் கூப்பிட. எல்லோரும் நிமிர்ந்தார்கள். நீ நன்றி சொல்வதுபோல் தலை தாழ்த்திவிட்டு, ஊர்க்கவுண்டரின் முகத்தை நேராகப் பார்த்து, நான்கு விரலால் கன்னத்தை இழுத்து அவர் பெயரைச் சொன்னாய். பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்துத்தானே காரியத்தைத் தொடங்க வேண்டும்.

"உம்மை என்னமோ பிராண்டிக் காட்டறானே" என்றார் பைல் நாட்டுக்காரர் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஊர்க்கவுண்டர் கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக் காட்டினார். சொல், சொல் என்கிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். "இது என் அப்பன் காடு" என்றாய். கல் பொறுக்கியதைச் சொன்னாய். சித்தப்பனை விரலால் காட்டி, அவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றாய். ஆளைக் காட்டாமல் அவன், நீ, நான் என்று உன் பேச்சில் எப்படிச் சொல்வது? பெரியவர்களுக்குக் கண் மங்கல் என்று நினைத்து ஒவ்வொன்றையும் மெதுவாக, பெரிதாகச் சொன்னாய். அப்புறம் உன் விரல் ஊர்க்கவுண்டர் பக்கம் நீண்டது. "நீங்கள் பார்த்தீர்கள்" என்றாய்.

"பாருங்க, உங்களையே வெரலை நீட்டிக் காட்டறான். காலை வேற உதைக்கறான். இவங்கிட்டயா காடு நிக்கும்?" என்றான் உன் சித்தப்பன்.

"அவன் கையைக் கட்டுங்கடா" என்றார் ஊர்க்கவுண்டர்.

இரண்டு பேர் போனார்கள். மரியாதைக்காக நீ இடுப்பில் கட்டியிருந்த உருமாலையே அவிழ்த்து, உன் கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். நான் எழுந்தேன், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, தோளின் மேல் ஒருவன் உட்கார்ந்தான். சுவரோரம் உன் தங்கை கைகளைத் தூக்கினாள். உன் பேச்சை அவள் தொடரப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். "வேண்டாங் கண்ணு, வேண்டாஞ் சாமி" என்று கொஞ்சிக்கொண்டே இறக்கினார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் வேறு.

நீ திமிறவில்லை. கட்டியவர்களைப் பார்க்கவும் இல்லை. ஊர்க்கவுண்டரையே பார்த்தாய். அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது நீ கண்ணை மூடினாய்.

"கூப்பிட்டுக் கேட்டாச்சு. அவன் பக்கத்துல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பு ஆனது. காடும் வயலும் சித்தப்பனுக்கு. உனக்கும் தங்கைக்கும் கஞ்சி.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. மறுநாள் காலையில் ஊர்க்கவுண்டர் உன் வழியில் கல்லை உருட்டினார். நீ நின்றாய், திரும்பினாய், உருமாலை அவிழ்த்து இடுப்பில் கட்டினாய், கைகளை மடக்கி மார்பில் வைத்துத் தலை குனிந்தாய். சபையில் அவர் கற்றுக்கொடுத்த மரியாதை, ஒரு குறையும் இல்லாமல். அவர் ஏதேதோ கேட்டார். நீ அப்படியே நின்றாய். அவர் போன பிறகுதான் நிமிர்ந்தாய். அன்று முதல் ஊரில் யார் கையசைத்தாலும் உன்னிடமிருந்து அந்த மரியாதை ஒன்றுதான் கிடைத்தது. பழனிக்கும் அதேதான். சிரிக்க வைக்க வந்தவர்களுக்கும் அதேதான். உன் கை பேசியது தங்கையிடமும், அச்சு வேலைக்குச் சேலம் போய்விட்ட நான் ஊருக்கு வரும்போது என்னிடமும் மட்டும்.

ஊருக்கு அது தாங்கவில்லை. அறுப்புக் காலத்தில் காடே செத்தாற்போல இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்களாம். ஊர்க்கவுண்டர் ஒருமுறை என்னை வழியில் நிறுத்தினார். "ஒரு வார்த்தை பேசச் சொல்லு தம்பி அவனை. வையட்டும், பரவால்ல" என்றார். "சபையில பேசச் சொல்றேனுங்க, கூட்டுங்க" என்றேன். அவர் நடையைக் கட்டினார்.

சேலத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா என்னிடம் சொன்னார்: பிறவியிலேயே காது கேளாதவனுக்குப் பங்கில்லை என்ற பழைய சட்டத்தை மாற்றியாகிவிட்டது, வழக்குப் போட்டால் உன் பங்கு உனக்கு வரும் என்று. ஓட்டமும் நடையுமாக மலையேறி வந்து உன்னிடம் சொன்னேன். சட்டத்தை மாற்றியவர்கள் மலைக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்றேன். நீ முழுவதையும் கவனமாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, "கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?" என்று கேட்டாய். குமாஸ்தாவிடம் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. நீ என் முழங்காலைத் தட்டிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். பழனி சொன்னதைக் கேள்.

"கவுண்டரே உங்க கூட்டாளி ஊட்டுக்கு வந்தாருங்க. காட்டிலாகா ஆபீஸ்ல கேட்டுக் கொயினா மாத்திரைகூட வாங்கியாந்தாரு. பக்கத்துல உக்காந்து, எங்க வலிக்குது, என்ன பண்ணுது, சொல்லுசொல்லுன்னு கையில கேட்டாருங்க. அவன் படுத்த வாக்குல கையைக் கட்டிக்கிட்டானுங்க. மாத்திரையக் குடுத்தா வாயைத் தொறக்கல. அவரு அழுதுட்டாருங்க. கடைசி வரைக்கும் அந்தக் கையை அவுக்கல."

மாத்திரையை விழுங்கியிருக்கலாம். உயிரோடு இருந்து அவர்களைத் தலைகுனிய வைத்திருக்கலாம். இது வைராக்கியமா வீம்பா என்று யாராவது என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? உன்னை அடக்கியவர்களுக்கு நீ கொடுத்த தண்டனையில் பாதிக்கு மேல் உன் தங்கைதான் அனுபவிக்கிறாள். அவளோடு அவள் பேச்சில் பேசுகிறவர்கள் அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. அவர் அழுததையும் நான் மறுக்கவில்லை. அழுகிற மனுஷர், சபையைக் கூட்டித் தீர்ப்பை மாற்றுகிறேன் என்று அப்போதுகூடச் சொல்லவில்லை.

பழனி கடைசிப் பழத்தையும் இறக்கி வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"இன்னொண்ணுமுங்க. அவன் தங்கச்சியக் கீழ்நாட்டுக்குத் தாட்டிவிடப் போறாங்க. பொண்டாட்டி செத்தவரு ஒருத்தரு, ரெண்டாந்தாரமா. உங்க கூட்டாளியோட சித்தப்பந்தான் பேசி முடிச்சாரு. சோத்துக்குப் பஞ்சமில்லாத ஊடுங்க."

"அங்க அவ கைப்பேச்சு யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமுங்க தெரியாது." அவன் துண்டை உதறினான். "வார பௌர்ணமிக்குச் சபையில வெச்சு அவளைக் கேப்பாங்களாமா. அண்ணன் செத்ததுல இருந்து அதுவும் யாருகிட்டயும் கையைத் தொறக்கறதில்ல. கேட்டாக் கட்டிக்கிட்டு நிக்குது. அதான் உங்களை வரச் சொன்னாரு கவுண்டரு. சபைக்கு முன்னாடியே ஊட்டுல வெச்சு அதுக்கு நல்ல விதமா எடுத்துச் சொல்லோணுமாம், சபையில தலையை ஆட்டிட்டாப் போதுமாம்."

"வாரேன்னு சொல்லு. எடுத்துச் சொல்றதுக்கு வரலேன்னும் சொல்லு. அவ சபையில கையால பேசுவா, அவங்க பாக்கோணும். அவ பேசி முடிக்கற வரைக்கும் யாரும் அவ கையைத் தொடக் கூடாது."

"அதெப்படிங்க நான் போய்ப் பெரியவங்ககிட்டச் சொல்றது?"

"கையைக் கட்டாமச் சொல்லு."

பழனி என்னை ஒருமாதிரி பார்த்தான். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தெருவென்றும் பாராமல், தன் இரண்டு புருவங்களையும் ஒரு விரலால் தொட்டுச் சேர்த்தான். "இருந்திருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பானுங்க" என்று வாயால் சொன்னான். வண்டியைப் பூட்டப் போய்விட்டான்.

மலையை விட்டு வந்த பிறகு உன் பழக்கங்கள் என்னை விடவில்லை. யாராவது என்னிடம் பேசினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். முறைக்கிறேன் என்று அச்சுக்கூட முதலாளிக்குக் கோபம். அவர் முன்னால் கையைக் கட்டி நிற்க என்னால் முடிவதில்லை. திமிர் என்கிறார். லீவு கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். கொடுக்கமாட்டேன் என்றார். நாளைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வரும்போது வேலை இருக்காது.

சபையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னையும் இழுத்துத் தள்ளலாம். அவள் கைகளையும் கட்டலாம், கொஞ்சிக்கொண்டே கட்டுவார்கள். அவளே கையைத் திறக்காமல் உன்னைப்போல நின்றுவிடலாம். அந்தப் பயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அப்படி அவள் நின்றால் நான் அவள் எதிரே போய் நிற்பேன். வாயைத் திறக்கமாட்டேன். அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, உன் பேச்சில் பேசுவேன். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது புரியும்.

உன்னை அவர்கள் கட்டிய இடத்திலிருந்துதான் தொடங்கப்போகிறேன். "நீங்கள் பார்த்தீர்கள்" என்பதோடு உன் பேச்சு நின்றது. மீதியை அந்தப் பிற்பகலில் சுவரருகில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது என்னிடம் இருக்கிறது. "நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். எனக்குக் காடு இல்லையென்றால் இல்லையென்று என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். என் தங்கைக்கு எது வேண்டும் என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்வாள்."